விதவையின் தலையில் ஏற்றும் தீர்ப்பு



கடை வைத்து நடத்தும் நமக்கு ஐந்தொகை புதிதன்று. வருட முடிவில் சரக்கைக் கணக்கெடுக்கிறோம். வரவேண்டியது இவ்வளவு, கொடுக்கவேண்டியது இவ்வளவு என்று எழுதிப் பார்க்கிறோம். ஆனால் கடைக்கு எழுதும் இக்கணக்கை நம் வாழ்நாளுக்கும் எழுதி வைத்திருப்போர் நம்மில் எத்தனை பேர்?

உதாரணத்திற்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் ரோட்டை அடுத்த ஒரு தெருவில் அவருக்கு மளிகைக் கடை. திடீரென மௌத்தாகிவிட்டார். வீட்டில் மனைவியும் இரண்டு பெண் மக்களும். ஊரில் ஒரு தம்பி. தாய் தகப்பன் இல்லை. மத்திய சேம நிதியில் அவர் பேரில் 100,000 வெள்ளி இருக்கிறது. மனைவியையே அதற்கு நியமித்திருக்கிறார். கடைச் சரக்கை விற்றால் 20,000 வெள்ளி தேறும். மொத்த வியாபாரிகளுக்கும், எழுத்தில்லாமல் கைமாற்றுக் கொடுத்த ஒரு நண்பருக்குமாக அவர் வைத்த பாக்கி 45,000 வெள்ளி. ஆகத் துண்டு விழுவது 25,000. இதை யார் கொடுப்பது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மத்திய சேம நிதி 1955ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கியது. அன்று முதலாளி நூற்றுக்கு 5, தொழிலாளி நூற்றுக்கு 5 கட்டினர். இன்று 55 வயது வரையுள்ள தொழிலாளிக்கு, பொதுவாக முதலாளி 17, தொழிலாளி 20 என்று கட்டவேண்டும். இது சம்பளக்காரருக்கு உள்ள ஏற்பாடு. சொந்தப் பேரில் கடை நடத்துபவருக்கு மாதந்தோறும் கட்டித்தர முதலாளி கிடையாது. நிகர வருமானம் வருடத்தில் 6,000 வெள்ளிக்கு மேற்பட்டால் மெடிசேவ் மட்டும் கட்டாயம். மற்றது அவர் விருப்பம். ஆகவே நம்மில் பலருக்குச் சேம நிதியில் உள்ளது, வாலிபத்தில் சம்பளத்திற்கு இருந்தபோது சேர்ந்ததாகவோ, பிறகு கடையைக் கம்பெனியாக்கித் தமக்கே சம்பளம் எடுத்தபோது சேர்ந்ததாகவோ இருக்கும்.

இப்பணம் உயிலுக்குக் கட்டுப்படாது. மரித்தவர் விட்டுச்சென்ற ஆஸ்தியிலும் சேராது. நியமனம் எழுதியிருந்தால் நியமிக்கப்பட்டவர் கைக்கே நேரே போய்ச் சேரும். கடன்காரர் அதன்மேல் வழக்காட முடியாது. நியமனம் இல்லையானால் பணம் பொது அறங்காவலரிடம் போகும். முஸ்லிம்களுக்கு அவர் ஷரியா நீதிமன்றம் தரும் வாரிசுச் சான்றிதழின்படி பங்கிடுவார். நம் உதாரணத்தில் அப்படிப் பங்கிட்டால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 12,500 வெள்ளி. இரு பெண்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, சுமார் 66,667. மீதி சுமார் 20,833 வெள்ளி ஊரிலிருக்கும் தம்பிக்கு.

நியமனம் எழுதுவது மார்க்கத்தின் பங்கீட்டை மீறுவதாகாதா என்ற கேள்வி இங்கு நெடுநாள் இருந்தது. முயிஸின் பத்வாக் குழு 1971இல், நியமிக்கப்பட்டவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பங்கிடும் பொறுப்பாளி மட்டுமே என்றது. பின்னர் 2010இல், நியமனத்தை அன்பளிப்பாக, அதாவது ஹிபாவாகக் கொள்ளலாம். நியமிக்கப்பட்டவரே அதற்கு உரியவர் ஆகலாம் என்று தீர்ப்பளித்தது. குடும்பங்கள் மாறிவிட்டன, அண்ணன் பெண்டு பிள்ளைகளைத் தம்பி தாங்கிய காலம் அருகிவிட்டது. தாங்க ஆளில்லாத விதவைக்கு வீடும் சோறும் நிலைக்கவேண்டும் என்ற கருணையை அதில் நாம் காண்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தம்பியின் பங்கைப் பற்றிய கேள்விக்குத்தான் விடை கிடைத்தது. கடன்காரரைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. மரித்தவர் விட்டுச்சென்ற சொத்தில் அடக்கச் செலவு முதலில், அடுத்துக் கடன், பிறகு வசிய்யத், கடைசியில்தான் வாரிசு என்பது நாம் சிறு வயதிலேயே ஓதிய பாடம். சேம நிதி ஹிபா ஆகிவிட்டால் அது இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. கடன்காரர் சரக்கு விற்ற 20,000 வெள்ளியைப் பகிர்ந்துகொண்டு மீதியை மறக்கவேண்டியதுதான்.

சிலர் சொல்வர்: "சட்டமே விதவைக்காகக் கட்டிய வேலி இது. பெரிய மொத்த வியாபாரிக்கு இது ஒரு நஷ்டக் கணக்கு. அநாதைகளுக்கோ இது உயிர்." இதை நான் மறுக்கவில்லை. வேலி நல்ல வேலி. ஆனால் கைமாற்றுக் கொடுத்த நண்பருக்கும் பெண் மக்கள் இருக்கலாம். சீட்டு எழுதாமல், முகத்தைப் பார்த்து அவர் கொடுத்தார். சட்டத்தின் வேலிக்கு வெளியே அவரை நிறுத்தியது சட்டமன்று. நம்முடைய நாணயத்தின்மேல் அவர் வைத்த நம்பிக்கை. "என் கணவருடைய கடன் கப்ருக்குப் போகலாமா?" என்று அந்த அம்மா கேட்டால், பள்ளிவாசல் வாசலில் நின்று நாம் என்ன பதில் சொல்வோம்?

சட்டம் அவளைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் மனம் அவளை விடாது. கொடுத்தால் பிள்ளைகளின் படிப்பு. கொடுக்காவிட்டால் கணவன் பேர். இத்தா முடியுமுன் இந்தத் தீர்ப்பை அவள் தலையில் ஏற்றிவைத்தது யார்? கடன் வாங்கியதும் நியமனம் எழுதியதும் ஒரே கைதான். ஆகையால் கடனுக்கு வழி தேடும் கடமை உயிரோடிருக்கும் கணவனுடையது, விதவையுடையதன்று.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். நியமனத்தை எழுதுவோம், அல்லது எழுதியதைத் திருப்பிப் பார்ப்போம். புதிதாக நிக்காஹ் செய்தால் பழைய நியமனம் ரத்தாகும். தலாக்கினால் ரத்தாகாது என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாவது, சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டத்தில் நம் பேர் நிற்கிறதா என்று விசாரிப்போம். மௌத்தாயினும், நிரந்தரமாக முற்றும் செயலிழந்தாலும் 60 வயது வரை அதிகபட்சம் 70,000 வெள்ளியும், பிறகு 65 வயது வரை 55,000 வெள்ளியும் தருவது அது. ஆனால் சந்தா நின்றால் காப்பும் நிற்கும். சேம நிதி நியமனம் இதற்குச் செல்லாது, தனியே எழுதவேண்டும்.

மூன்றாவதுதான் கடினம். கைமாற்று உட்பட எல்லாப் பாக்கியையும் ஒரு தாளில் எழுதி, அதை அடைக்க எந்தப் பணம் என்று எதிரே குறித்து, மனைவியிடம் கொடுப்போம். அந்தத் தாளில் இரு பக்கமும் சரியாக வரவில்லையென்றால், புதுச் சரக்கைக் கடனுக்கு இறக்குமுன் ஒரு நாள் யோசிப்போம். அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டுக் கணக்கை அவளிடம் விட்டுச் செல்வது தவக்குல் ஆகாது.

கடையில் கணக்கு நேராக வைத்த கை, வீட்டிலும் நேராக வைக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.