ஸபர் தாய்க்கு மட்டுமா?

மூளைவாதம் பாதித்த மகனுக்காக ஆசிரியை வேலையை விட்டுப் பதினொரு ஆண்டுகள் வீட்டிலிருந்த ஒரு சகோதரி, மீண்டும் பள்ளிக்கூடம் போகலாமா என்று கணவர் மூலம் கேட்டனுப்பினார். "பிள்ளை அல்லாஹ்வின் அமானத், ஸபர் செய்யச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவே அந்தப் பதில் என்னை உறுத்தியது. தகப்பனுக்கும் அவன் அமானத் அல்லவா?

பாலூட்டுதலைப் பற்றிய அல்பகரா 233-ஆம் வசனம், பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கும் இடர் கூடாது, தந்தைக்கும் கூடாது என்கிறது. பால் மறக்கடிப்பதையும் இருவரும் கலந்து பேசியே தீர்மானிக்க வேண்டும். சொத்தின்றி, சம்பாதிக்கவும் இயலாத மகனின் செலவு, அவன் பருவமடைந்த பின்னும் தந்தை மீது கடமை என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளும் ஒன்றே. ஆகவே அச்சகோதரி போக விரும்புவது சோற்றுக்காக அல்ல; கற்றதைக் கற்பிப்பதற்காக. அதிலென்ன குற்றம்?

பகலில் பிள்ளையை யார் பார்ப்பது என்பதே கேள்வி. புரையேறாமல் ஊட்டவும், முனகலின் பொருளறியவும் ஒருவர் பழகியாக வேண்டும். அதுவரை அவசரம் ஆகாது. (என் பிள்ளைகளை ஒரு பகல் தனியே பார்த்துக்கொண்டவன் நான், அஸருக்குள் களைத்துவிட்டேன்.)

மறுநாள் கணவரை அழைத்துப் பேசினேன். மாலையில் கடையைத் திறந்துகொள்ளலாம் என்றார். பிறகு தலைகுனிந்து, "எனக்கு ஊட்டத் தெரியாதே, ஹஜ்ரத்" என்றார். வரும் ஜும்ஆ முடிந்ததும், மனைவியை அருகில் வைத்துக்கொண்டு தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.