வேரின் பசிக்கு ஒரு காது



நம்மில் எத்தனை பேருடைய பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்? கை தூக்க வேண்டாம். இந்த பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்களும் இருக்கிறீர்கள், தெரியும். ஆனாலும் நம் குடும்பங்களில் இரண்டு தலைமுறை பின்னால் போனால், பெரும்பாலும் ஏதாவது ஒரு தோட்டத்தின் பெரட்டுக்களத்தில்தான் போய் நிற்போம்.

என் பாட்டி ஒட்டுப்பாலைப் பற்றிச் சொல்வார். முந்தைய தடவை சீவிய கோட்டில் பால் உறைந்து, நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி உளி வைக்கும் முன் அதை உரித்துக் கூடையில் போட வேண்டும். அதுவும் எடைக்குப் போகும், காசுக்கு ஆகும். பாட்டிக்கு அது வருமானம். மரத்துக்கு அது என்ன என்று நான் பல வருஷம் யோசித்ததே இல்லை.

அது மரம் தன் காயத்துக்குப் போட்டுக்கொள்ளும் கட்டு. ரப்பர் பாலுக்குள் நுண்ணிய குமிழிகள் மிதக்கின்றன. பட்டையில் வெட்டு விழுந்து பால் ஓடும்போது அவை உடைகின்றன. உள்ளிருந்து ஹெவின் என்ற சின்னஞ்சிறு புரதம் வெளிவருகிறது. நம் உடம்பில் ஓடும் புரதங்கள் பெரும்பாலும் பல நூறு அமினோ அமிலங்கள் கோத்த நீளமான மாலைகள். ஹெவினில் இருப்பது 43 மணிதான். இது ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் குழாயின் வாயை அடைக்கிறது. வெட்டு வழியாக நுழையப் பார்க்கும் பூஞ்சையின் வளர்ச்சியையும் தடுக்கிறது. மரத்துக்குக் காயம் பட்டால் ஹெவினைச் செய்யச் சொல்லும் மரபணு இன்னும் வேகமாக வேலை செய்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உளி பட்டும் அந்த மரங்கள் பல வருஷம் நின்றது இந்த மாதிரிச் சின்ன வேலைகளாலும்தான்.  

இப்படிப்பட்ட குட்டிப் புரதத் துண்டுகளைப் பெப்டைடு என்கிறார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள். ஹெவின் காயம்பட்ட இடத்திலேயே நின்று வேலை பார்ப்பது. இன்னும் சிறிய சில பெப்டைடுகள் கடிதம் போல ஊர் விட்டு ஊர் போகின்றன. செடிகளில் பெப்டைடு சேதி சொல்வதும் உண்டு என்று முதலில் தெரியவந்தது 1991ல், அமெரிக்காவில் கிளாரன்ஸ் ரயன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், தக்காளிச் செடியில். ஒரு இலையைப் பூச்சி கடித்தால், கடிபடாத இலைகளும் பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் பொருளைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. அதைத் தூண்டிவிடுவது 18 மணிகள் கொண்ட ஒரு துண்டு. சிஸ்டமின் என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் இன்று இரண்டாம் வாசகமாகப் பவுலடியாரின் கடிதத்தைக் கேட்டபோது என் மனத்தில் வந்தது தக்காளி அல்ல, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு களைச்செடி. ஆய்வுக்கூடங்களுக்கு இந்தச் செடி ரொம்பச் செல்லம். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் மட்சுபயாஷி என்பவரின் குழு 2014ல் இதை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டது. செடியின் வேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தழைச்சத்து உள்ள இடத்திலும் மறு பாதியைத் தழைச்சத்தே இல்லாத இடத்திலும் வளரவிட்டார்கள். பட்டினி கிடந்த வேர் 15 மணிகள் கொண்ட ஒரு பெப்டைடை உண்டாக்கி மேலே அனுப்பியது. தண்டு வழியாக அது இலைக்குப் போனது. இலையிலிருந்து ஒரு பதில் கீழே இறங்கியது. அந்தப் பதிலைக் கேட்டு வேலை செய்தது எந்த வேர் தெரியுமா? சாப்பாடு இருக்கும் பக்கத்து வேர். தன் பங்குக்கு மேல் கூடுதலாக உறிஞ்ச ஆரம்பித்தது.

பசி ஒரு பக்கம். உழைப்பு மறு பக்கம். நடுவில் ஒரு கடிதம்.

பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதும்போது இதையெல்லாம் அறிந்திருக்கவில்லை. அவர் கண், கை, கால் என்று மனித உடலைத்தான் எடுத்தார். கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது என்கிறார். ஓர் உறுப்பு துன்பப்பட்டால் எல்லா உறுப்பும் சேர்ந்து துன்பப்படும் என்கிறார். நாம் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். ஆனால் என் கால் வலிப்பது என் தலைக்கு எப்படித் தெரிகிறது? யாராவது போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதுமா?

போதாது. அந்த ஜப்பானிய ஆய்விலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பெப்டைடு வந்து பொருந்துவதற்கு ஏற்பி என்று ஒன்று வேண்டும், பூட்டில் சாவித் துவாரம் மாதிரி. ஏற்பி இல்லாத செடிகளையும் பார்த்தார்கள். மண்ணில் சத்து இருக்கிறது, வேர் கடிதமும் போடுகிறது. ஆனாலும் செடி பஞ்சத்தில் அடிபட்டது போல வெளிறிக் கிடந்தது. குறை மண்ணில் இல்லை, கேட்கும் இடத்தில் இருந்தது.

இன்றைய மூன்று வாசகங்களையும் காது என்ற ஒரு சொல்லில் கட்டிவிடலாம். நெகேமியாவில் மக்கள் விடியலிலிருந்து நண்பகல் வரை நின்றுகொண்டு திருச்சட்ட நூலுக்குச் செவிசாய்க்கிறார்கள். கேட்டு அழுகிறார்கள். அழ வேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள், ஒன்றும் சமைக்க இல்லாதவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள் என்று அனுப்பிவைக்கப்படுகிறார்கள். பட்டினி வேருக்கு அனுப்பும் பங்கு அங்கேயே இருக்கிறது. நாசரேத்தில் இயேசு ஏட்டைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு அமர்ந்து, இது இன்று நிறைவேறியது என்கிறார். எங்கே நிறைவேறியதாம்? கேட்டவர்களின் செவிகளில். ஏழைகளுக்கு நற்செய்தி என்பது ஏட்டிலேயே இருந்துவிடவில்லை.

இந்தப் பேட்டையில் பார்வையற்ற சகோதரர்கள் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு துன் சம்பந்தன் சாலையைக் கடப்பதைத் தினமும் பார்க்கிறோம். பூக்கடைப் பாட்டும் மோனோரயில் இரைச்சலும் கலந்து அடிக்கும் அந்தச் சாலையில் மோட்டார் எந்தப் பக்கம் வருகிறது என்று அவர்கள் பிரித்துக் கேட்கிறார்கள். எனக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது, நான் கேட்கத் தவறியதைச் சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு தம்பி பூசை முடிந்ததும் வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து சாப்பாட்டுக் கடையில் வேலை பார்ப்பவர். “ஃபாதர், காலையில சீக்கிரமா பூசை எதுவும் இருக்கா?” என்று கேட்டார். “அறிவிப்புப் பலகையில நேரம் போட்டிருக்கு, பாருங்க தம்பி” என்றேன். அவரும் “சரிங்க ஃபாதர்” என்று போய்விட்டார். அந்தக் கேள்வியில் இருந்தது மொத்தம் ஐந்தாறு சொல். பிறகு அவரோடு தங்கியிருந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: அவருக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. அன்றைக்கு வந்ததே காய்கறி வாங்கப் போகிற சாக்கில். ஊரில் அம்மா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மா பெயரில் ஒரு பூசை வைக்கத்தான் நேரம் கேட்டிருக்கிறார்.

கடிதம் வந்தது. என்னிடம் ஏற்பி இல்லை.

அந்தத் தம்பி இங்கிருந்து போய்விட்டார்; இப்போது எந்த ஊரில் வேலை செய்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். இந்த வாரம் முதல் புதன்கிழமைகளில் காலை ஐந்தரைக்கு ஒரு பூசை இருக்கும். கடை திறக்கும் முன் வந்துபோகலாம். பாடகர் குழு தேவையில்லை. ஆனால் கதவு திறக்கவும், வருகிறவர்களுக்கு ஒரு தே ஓ கலக்கிக் கொடுக்கவும், கொஞ்ச நேரம் பேச்சுக் கேட்கவும் நான்கு பேர் வேண்டும். பூசை முடிந்ததும் நான் வாசலில்தான் நிற்பேன்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.