மூடுவதும் திறப்பதும்

ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவம் அறிந்துகொள்வது யாருக்கு உரியது?

சீனத்தின் ஊகான் நகரில் நோயுற்ற ஒருவரின் மாதிரியிலிருந்து, 2020 ஜனவரியில் ஷாங்காய் அறிஞர் ஜாங் யோங்ஜென் குழுவினர் புதிய வைரஸின் மரபணு வரிசையைக் கண்டறிந்தனர். இசைவின்றி வெளியிடலாகாது என்பது அரசாணை. ஆயினும் ஜனவரி 11 அன்று, ஆஸ்திரேலியாவிலிருந்த எட்வர்ட் ஹோம்ஸ் வழியாக, அவ்வரிசை எவரும் காணத்தக்க இணையதளமொன்றில் வெளியாயிற்று. மறுநாள் ஜாங்கின் ஆய்வகம் மூடப்பட்டது. மார்ச் 16 அன்றோ, அவ்வரிசையைக் கொண்டு ஆக்கிய தடுப்பூசி அமெரிக்காவில் சோதனையாக முதல் மனிதருக்கு இடப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் பின்லாந்தில் வேறொன்று நிகழ்ந்தது. உளச்சிகிச்சை நிலையமொன்றின் கணினியிலிருந்து களவாடப்பட்ட குறிப்புகளைக் காட்டி, நோயாளிகளிடமே பணம் கேட்டு மிரட்டினர்.

முன்னதில் பகிர்வு உயிர் காத்தது. பின்னதில் கசிவு மானத்தைப் பறித்தது. இவ்விரண்டையும் நாம் பிரித்தறிய வேண்டும். நோயாளியின் பெயரும், அவர் மனந்திறந்து கூறியவையும் அவருக்கே உரியன. அவற்றைக் காப்பது மருத்துவத்தின் கடன். அவர் உடல் உணர்த்திய நோயின் இயல்போ, நாளை நோயுறப் போகிறவருக்கும் உரியது. அதைப் பூட்டி வைக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை என்பதே நம் துணிபு. மருத்துவமனைகள் கணினியால் இணையும் இந்நாளில், எதை மூடுவது, எதைத் திறப்பது என்னும் தீர்ப்பைப் பொறியாளரிடம் மட்டும் விட்டுவிடலாமா?