எந்தப் பஞ்சாங்கம்?

சீடன்: ஐயா, 2023 ஜனவரி 17 அன்றே சனி கும்பத்துக்குப் போய்விட்டதாகத் திருக்கணிதப் பஞ்சாங்கம் சொன்னது. திருநள்ளாற்றிலோ வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20-ல்தான் பெயர்ச்சி விழா. வானத்தில் இருப்பது ஒரே சனி. இடைப்பட்ட பதினோரு மாதம் அது எங்கே இருந்தது?

குரு: ராசி எங்கே தொடங்குகிறது என்ற அயனாம்சச் சண்டையை ஒதுக்கிவிட்டுச் சொன்னால், கும்பத்தில்தான்.

சீடன்: அப்படியானால் முன்னோர் வாக்கு பொய்யா?

குரு: பழைய வாக்கு, அவ்வளவுதான். ஆற்றைக் கடக்க வந்தவன் கரையில் இருக்கும் பெரியவரிடம் துறை கேட்கிறான். “அந்த மருத மரத்துக்கு நேரே இறங்கு, இடுப்பளவுதான்” என்கிறார். நம்பி இறங்குகிறான். ஆனாலும் கையிலிருக்கும் கழியை ஊன்றிப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்கிறான். போன வெள்ளத்தில் மணல் நகர்ந்திருந்தால் பெரியவர் என்ன செய்வார்?

சீடன்: இத்தனை லட்சம் பேர் நம்புகிறார்களே?

குரு: தலையை எண்ணி ஆழம் அளக்க முடியாது. மேலே கேள்.

சீடன்: பெயர்ச்சிப் பலன் தங்களுக்குப் பலித்தது என்பவர்கள்?

குரு: அது வேறு வழக்கு, விடு.

சீடன்: இதை விட மாட்டேன். திருக்கணிதம் சரி என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் சனியைப் பார்த்து அளந்தவன் இல்லை. யாரோ அளந்தார்கள், யாரோ அட்டவணை போட்டார்கள், நான் நம்புகிறேன். வாக்கியக்காரர் வாக்கியங்களைச் செய்ததாகச் சொல்லப்படும் வரருசியை நம்புகிறார், நான் வானாய்வுக் கூடத்தை நம்புகிறேன். என் பக்கம் சான்று இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வேன்?

குரு: கேட்க வேண்டியது இதுதான். சிவஞான சித்தியார் அறியும் வழிகளான அளவைகளைப் பத்து வரை எண்ணி, பிறகு காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. உரையை, அதாவது நம்பத்தக்கவர் சொல்லை, அந்நூலைச் செய்த அருணந்தி சிவாசாரியார் தள்ளவில்லை. தள்ளினால் உன்னைப் பெற்றவள் யார் என்பதுகூட உனக்குத் தெரியாது. ஆகவே நீ நம்புவது குற்றமில்லை. நீ நம்புகிறவர் கழியை ஊன்ற விடுகிறாரா என்று பார். கேரளத்தில் பாரதப்புழை கடலில் கலக்கும் பக்கத்தில் வடசேரி பரமேசுவரர் என்றொருவர் இருந்தார். பழைய கணக்கு மரபின் மூலநூலான ஆரியபடீயத்துக்கே உரை எழுதியவர். அந்த மரபை அவரைவிட நம்பியவர் யார்? அவர்தான் கிரகணம் கிரகணமாக 55 ஆண்டு வானத்தைப் பார்த்தார். மற்றக் கணக்கில் பிழை இருந்தால் யாருக்கும் தெரியாமல் போகலாம். கிரகணத்தில் ஊரே அண்ணாந்து நிற்கும். பிடித்த நேரமும் விட்ட நேரமும் கணக்கோடு ஒட்டாவிட்டால் ஒளிக்க இடமில்லை. ஒட்டவில்லை. முறையை வைத்துக்கொண்டு எண்களைத் திருத்தி 1431-ல் ‘திருக்கணிதம்’ என்ற நூலைச் செய்தார். (இன்றைய பஞ்சாங்கத்தின் கணக்கு அதிலிருந்து வந்ததல்ல.) அவர் மகன் தாமோதரரிடம் படித்த நீலகண்ட சோமயாஜி ‘ஜோதிர்மீமாம்சை’யில் இதையே வாதமாக வைத்தார்: கணக்கும் காட்சியும் முரண்பட்டால் திருத்த வேண்டியது கணக்கை. பரமேசுவரரின் எண்ணையும் நாளை ஒருவன் திருத்தலாம். அப்படித் திருத்துகிறவன் அவருக்குத் துரோகி ஆகமாட்டான். வானாய்வுக் கூடத்தை நீ நம்புவதும் இந்த வகை. அது அளந்த ஆழத்தை நாளைக்கே இன்னொருவன் கழியோடு இறங்கி மறுக்கலாம். வாக்கியத்தை நம்புகிறவரிடம் கழியை நீட்டிப் பார், “முன்னோரைச் சந்தேகிக்கிறாயா?” என்பார். முன்னோர் எப்படி வேலை செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

சனி எங்கே இருக்கிறது என்று கேட்டால் திருக்கணிதத்தைப் பார். திருநள்ளாற்றுக்கு டிக்கெட் எடுப்பதாக இருந்தால் மட்டும் வாக்கியத்தைப் பார்.