உடல் ஆன்மாவின் சிறைச்சாலையா?



ஒருவர் இறந்தால், "உயிர் கூட்டை விட்டுப் பறந்துவிட்டது" என்கிறோம். நினைவு தப்பி மாதக்கணக்காகப் படுக்கையிற் கிடக்கும் முதியவரைக் கண்டு, "ஆள் எப்போதோ போய்விட்டார்; கூடு மட்டுந்தான் கிடக்கிறது" என்றும் சொல்லிவிடுகிறோம். ஆறுதலுக்காகச் சொல்லப்படும் இவ்வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி மறைந்திருக்கிறது. நான் என்பது என் ஆன்மா மட்டுந்தானா? உடல் என்பது நான் சில காலம் அடைபட்டிருக்கும் கூடுதானா?

இக்கேள்விக்கு 'ஆம்' என்று பதில் சொன்னவர்களில் தலைசிறந்தவர் கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த கிரேக்க ஞானி பிளேட்டோ. 'பைடோ' என்னும் அவரது நூலில், நஞ்சருந்த வேண்டிய நாளன்று சோக்கிரதீஸ் தம் நண்பர்களுடன் ஆன்மாவைப் பற்றி உரையாடுகிறார். ஆன்மா உடலுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது என்பதும், சாவு அதற்கு விடுதலை என்பதும் அங்கே விளங்கும் கருத்துக்கள்.

மத்திய காலத்தில் மேலை ஐரோப்பா பிளேட்டோவின் சில நூல்களை மட்டுமே இலத்தீனில் அறிந்திருந்தது. கலைக்கூடங்களில் கோலோச்சியவர் அவருடைய மாணவரான அரிஸ்டோட்டில். இந்நிலையை மாற்றிய நிகழ்ச்சிகளில் ஒன்று திருச்சபையின் பொதுச்சங்கம். கீழைத் திருச்சபையும் மேலைத் திருச்சபையும் ஒன்றிணைய வேண்டுமென்று 1438, 1439ஆம் ஆண்டுகளில் இத்தாலியிலுள்ள பெராராவிலும் புளோரன்சிலும் அச்சங்கம் கூடியது. கிரேக்கர்களோடு வந்த பிளேத்தோன் என்னும் முதுபெரும் அறிஞர் புளோரன்ஸ் மக்களுக்குப் பிளேட்டோவை எடுத்துரைத்தார். அன்று கண்ட ஒற்றுமை நிலைக்கவில்லை. பிளேட்டோ மீது எழுந்த ஆர்வமோ நிலைத்துவிட்டது.

அந்நகரின் செல்வரான கோசிமோ தே மெடிசி, தமது மருத்துவரின் மகனான மார்சீலியோ ஃபிச்சீனோ என்னும் இளைஞரிடம் பிளேட்டோவின் கிரேக்கச் சுவடியை ஒப்படைத்தார். கரேஜி என்னும் இடத்தில் வீடொன்றும் கொடுத்தார். 1464ஆம் ஆண்டில் கோசிமோ மரணப்படுக்கையில் கிடந்தபோது, தாம் மொழிபெயர்த்தவற்றை ஃபிச்சீனோ அவருக்கு வாசித்துக் காட்டினார். 1473ஆம் ஆண்டில் ஃபிச்சீனோ குருவாக அபிஷேகம் பெற்றார். 1484ஆம் ஆண்டில் பிளேட்டோவின் நூல்கள் யாவும் முதன்முறையாக இலத்தீனில் அச்சேறின.

ஒரு குருவானவர் புறச்சமய ஞானியின் நூல்களுக்காக இத்தனை ஆண்டுகள் உழைப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். தனி மனிதனின் ஆன்மா சாவோடு அழிந்துவிடும் என்றும், மனிதர் எல்லாருக்கும் பொதுவான ஓர் அறிவு மட்டுமே எஞ்சும் என்றும் போதித்தவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு விசுவாசத்தைக் கொண்டு மட்டுமல்ல, அறிவைக் கொண்டும் பதில் சொல்ல வேண்டுமென்று ஃபிச்சீனோ விரும்பினார். அதற்காகவே 1482ஆம் ஆண்டில், ஆன்மாவின் அழியாமையை நிலைநாட்டும் 'பிளேட்டோனிய இறையியல்' என்ற பெருநூலை வெளியிட்டார். அவர் இறந்து பதினான்கு ஆண்டுகளின் பின், 1513இல், ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் அதே உண்மையைத் திருச்சபையின் போதனையாகப் பிரகடனம் செய்தது. உண்மை எவர் வாயிலிருந்து வந்தாலும் அது இறைவனுக்குரியதே என்று துணிந்த அந்தக் குருவை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

நிற்க. அதே இலாத்தரன் சங்கம், வியன் நகரில் கூடிய பொதுச்சங்கம் 1312இல் போதித்த வேறோர் உண்மையையும் நினைவூட்டியது. ஓடத்தில் ஓடக்காரன் அமர்ந்திருப்பதுபோல் ஆன்மா உடலில் அமர்ந்திருக்கவில்லை. உடலை மனித உடலாக்கி உயிர்ப்பிப்பதே ஆன்மா. இரண்டும் சேர்ந்தே மனிதன். உடலைப் பிரிந்த ஆன்மா முழு மனிதன் ஆகாது என்று புனித தோமஸ் அக்குவினாஸ் தெளிவாகவே போதித்தார். ஆகையாற்றான் விசுவாசப் பிரமாணத்தில் நாம் சரீர உத்தானத்தையும் அறிக்கையிடுகிறோம். சிறையிலிருந்து தப்பியவன் மீண்டும் அச்சிறைக்குள் போக ஆசைப்படுவானா?

புனித அகுஸ்தீனாரும் பிளேட்டோவின் வழிவந்தோரின் நூல்களை விரும்பிக் கற்றவரே. வார்த்தையானவர் இறைவனோடிருந்தார் என்ற உண்மையை அந்நூல்களில் தாம் கண்டதாகவும், அவர் மனுவுருவானார் என்பதை மட்டும் அங்கே காணவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். பிளேட்டோவிடமிருந்து நாம் எதைப் பெறலாம், எதைப் பெறமுடியாது என்பதற்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் வேண்டியதில்லை.

"ஊனியல்பை எதிர்த்துப் போராடும்படி புனித பவுலடியாரும் சொல்கிறாரே" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் ஊனியல்பின் செயல்கள் என்று அவர் அடுக்குபவற்றில் பகைமையும் பொறாமையும் பிரிவினையும் உள்ளன. இவை தசையில் பிறப்பவையா? இறைவனை விட்டு விலகிய மனத்திற் பிறப்பவை அல்லவா? உடலையோ அவர் தூய ஆவியின் ஆலயம் என்கிறார்.

ஃபிச்சீனோவின் வாழ்வே அவரது தத்துவத்தைத் திருத்தியது எனலாம். புளோரன்சில் கொள்ளைநோய் பரவியபோது, அதிலிருந்து காத்துக்கொள்ளும் வழிகளை அவர் ஒரு நூலாக எழுதினார். கற்றவர்களின் இலத்தீனில் அல்ல, சாதாரண மக்கள் பேசும் மொழியில் எழுதினார். 1481இல் அது அச்சாயிற்று. 1489இல் வெளியிட்ட வேறொரு நூலில், படிப்பில் மூழ்கியோரின் உடல் நலத்துக்கான ஆலோசனைகளைக் கூறினார். உடல் வெறுஞ் சிறையென்றால் அதற்கு இத்தனை பராமரிப்பு எதற்கு? மருத்துவரின் மகனுக்கும் ஆன்மாக்களின் மேய்ப்பருக்கும் அந்த உண்மை தெரிந்தே இருந்தது.

பாப்பரசர் இரண்டாம் ஜூலியசுக்காக 1509க்கும் 1511க்கும் இடையில் இரபாயேல் வத்திக்கானில் ஓர் அறையின் சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். ஒரு சுவரில் தத்துவஞானிகள் கூடியிருக்கிறார்கள். நடுவிலே பிளேட்டோவின் விரல் வானத்தைக் காட்டுகிறது. அரிஸ்டோட்டிலின் கை மண்ணை நோக்கி விரிந்திருக்கிறது. எதிர்ச்சுவரில் பீடத்தின் மேல் நற்கருணை வீற்றிருக்கிறது. அதற்கு மேலே, உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களைக் காட்டியபடி அமர்ந்திருக்கிறார். ஞானிகளின் வழக்குக்கு அந்தக் காயப்பட்ட உடலே தீர்ப்பு.

இது அறிஞர்களின் விவாதம், நமக்கென்ன என்று விட்டுவிடாதீர்கள். உடல் வெறுங்கூடு என்றால், பசித்தவனுக்கு உபதேசம் போதும், சோறு வேண்டாம். உழைப்பாளியின் தேய்ந்த முதுகுக்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மனிதன் தன் உடல் வாழ்வை இகழலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நமக்குப் போதித்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டிலே பிள்ளைகளின் பெயரையும் மறந்து படுத்திருக்கும் அந்தத் தாயை எண்ணிப் பாருங்கள். அவர் எங்கேயோ போய்விடவில்லை. நீங்கள் துடைப்பது ஒரு கூட்டை அல்ல. நீங்கள் ஊட்டுவதும் ஒரு கூட்டுக்கு அல்ல. உங்களைப் பெற்ற அதே தாயைத்தான் தொடுகிறீர்கள். இறைவன் உயிர்த்தெழச் செய்யப்போவதும் அவரையே. அந்த மரியாதையோடு அவரைத் தொடுங்கள். பிள்ளைகளையும் அருகில் அழைத்துத் தொடக் கற்றுக்கொடுங்கள்.