கரஸில் ஒரு டிகிரி

"ண்ணா, கரஸ்ல ஈஸியா ஒரு டிகிரி சொல்லேன். காலேஜுக்குப் போய் வர்ற தொல்ல இருக்கக் கூடாது. நம்ம டைமுக்குப் படிக்கிற மாதிரி."

திருவொற்றியூர் தேரடியில் டீக்கடை வாசலில் நின்று இதைக் கேட்டவன் என் சித்தி மகன். வயது 34. எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளைப் புதுப் பள்ளியில் சேர்க்கும்போது 'தந்தையின் கல்வித் தகுதி' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்ச நேரம் நின்றுவிட்டதாம். பிளஸ் டூ என்று எழுதிவிட்டு வந்தவனுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. கௌரவம் என்று இதைச் சிலர் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் உடனே பதில் சொல்ல வரவில்லை. அவன் சொன்னதில் 'ஈஸி', 'நம்ம டைம்' என்ற இரண்டும் உறுத்தின. இதே இரண்டையும் நம்பித்தான் நானும் ஒரு காலத்தில் பணம் கட்டினேன்.

எனக்கு ராஜாஜி சாலையில் வேலை. கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே காகிதத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஒருவன். கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் எழுத்தராகச் சேர்ந்து, மெல்ல மெல்ல, கஸ்டம்ஸ் புரோக்கரின் ஊழியருக்குத் தரும் ஜி கார்டு வரை வந்தேன். அதற்கு மேல் ஒரு சுவர். எங்களைப் போன்றவர்கள் சொந்தமாக உரிமம் வாங்க வேண்டுமானால், 2018ஆம் ஆண்டு கஸ்டம்ஸ் புரோக்கர் விதிகளின்படி, ஜி கார்டோடு குறைந்தது 2 ஆண்டு வேலை பார்த்த பட்டதாரியாக இருக்க வேண்டும். அப்போதுதான் தேர்வுக்கே விண்ணப்பிக்கலாம். வரலாறோ வணிகவியலோ, எந்தப் பட்டம் என்று விதி கேட்பதில்லை. பட்டம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. இருபது வருடம் பில் ஆஃப் என்ட்ரி போட்டவன் வெளியே நிற்பான். நேற்று ஜி கார்டு வாங்கிய பட்டதாரி 2 வருடம் கழித்து உள்ளே போவான். இது நியாயமா என்று எங்கள் ஆபீஸில் பேசாத நாளில்லை. பேசிப் பேசியே எங்களில் பலருக்கு ரிட்டையர்மென்ட் வந்துவிட்டது.

அப்படியிருந்தபோதுதான் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அந்தப் போர்டைப் பார்த்தேன். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் படிப்பு மையம். "வேலையில் இருப்பவர்களுக்கு ஏற்றது, வகுப்பு இல்லை, விரைவாக முடிக்கலாம்." மாடியில் இருந்தவர் என்னை 'சார்' என்று கூப்பிட்டார். ஆபீஸில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதிலேயே பாதி விழுந்துவிட்டேன். இரண்டு தவணை கட்டினேன். பாதிப் புத்தகம் வந்தது. மீதிப் புத்தகம் வருவதற்குள் போர்டு போய்விட்டது. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே இப்படிக் கடை பரப்பக் கூடாது என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. போனது பணம் மட்டுமென்றால் பரவாயில்லை. அடுத்த ஒன்றரை வருடம் படிப்பு என்ற சொல்லையே வீட்டில் நான் எடுக்கவில்லை.

எனவே தம்பியிடம் முதலில் சொன்னது கசப்பான செய்தி. கரஸ், அதாவது தபாலில் படிப்பது, இழிவல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இலேயே அதைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை 1971இல், அண்ணாமலை 1979இல், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல். இந்தியா முழுக்க 1985இல் இக்னோ, நம் மாநிலத்துக்கென்று 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். முறைப்படி அனுமதி பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022இல் அறிவித்தே விட்டது. ஆனால் 'முறைப்படி' என்ற சொல்லில்தான் பலர் வாழ்க்கை மாட்டிக்கொண்டது. முதல் பட்டம் இல்லாமலே நேராக எம்.ஏ. சேரலாம் என்று ஒரு காலத்தில் இங்கே சேர்த்தார்கள். அந்த வழியில் வந்த முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி இல்லாமல் தொலைதூர வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களும் 2017இல் அதே நீதிமன்றத்தில் அடிபட்டன. படித்தவர்கள் யாரும் மோசடிக்காரர்கள் அல்ல. ராத்திரி கண் விழித்துப் படித்துத் தேர்வு எழுதியவர்கள்தான்.

பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியது என்பதால் அதன் எல்லாப் படிப்பும் சரி என்று ஆகிவிடாது. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி, நீ சேரும் வருடத்துக்கும் நீ சேரும் அந்தப் படிப்புக்கும் இருக்கிறதா என்று அவர்கள் வலைத்தளத்திலேயே பார்க்க வேண்டும் என்றேன். பொறியியல், சட்டம், நர்சிங், பார்மசி போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்தவே முடியாது. நடத்துகிறோம் என்று எவர் சொன்னாலும் படியிறங்கி வந்துவிடலாம். டிப்ளமோ முடித்து அசோக் லேலண்டிலோ எண்ணூர் பவுண்டரி ஒன்றிலோ இருப்பவர்கள் பி.இ. வேண்டுமென்றால், வேலையில் இருப்பவர்களுக்குத் தோதான நேரத்தில் வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. 2023இல் வழி செய்திருக்கிறது. ஆனால் வகுப்புக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

"அதெல்லாம் செக் பண்ணிக்கிறேண்ணா. எது ஈஸின்னு சொல்லு" என்றான் மறுபடியும்.

ஈஸி என்பது பாடத்தைப் பொறுத்தது என்று நினைக்கிறோம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. அது நேரத்தைப் பொறுத்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த நேரம் யாருடையது என்பதைப் பொறுத்தது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் வரிசையை வடசென்னையில் பார்க்காதவர் கிடையாது. சில நாள் ஆறு மணி நேரம், சில நாள் ராத்திரி முழுக்க. "அவ்ளோ நேரம் சும்மாதான இருக்கீங்க, ஒரு புக்க எடுத்துப் படிக்கலாமே" என்று ஒருமுறை அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். "வந்து ஒக்காந்து பாரு சார். முன்னாடி இருக்கற வண்டி நாலடி நவுரும். நான் நவுராட்டா குறுக்க ஒருத்தன் பூந்துடுவான்" என்றார். ஆறு மணி நேரம் இருக்கிறது. அதில் பத்து நிமிடம்கூட அவருடையது இல்லை. 'உங்களுக்கு வசதியான நேரத்தில் படிக்கலாம்' என்ற விளம்பரங்களைப் படிக்கும்போதெல்லாம் அந்த நாலடிதான் எனக்கு நினைவு வருகிறது. வசதியான நேரம் என்று ஒன்று யாரிடமாவது கையிருப்பில் இருந்தால் அவர் கரஸில் ஏன் சேரப்போகிறார்?

நேரம் யாருடையது என்ற கேள்வி புதிதல்ல. நான் தினமும் நடக்கும் ராஜாஜி சாலையை ஒட்டி, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில்தான் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தினார். அந்த நாளின் வேர், 1886இல் சிகாகோ தொழிலாளர்கள் கேட்ட எட்டு மணி நேர வேலை. வேலைக்கு எட்டு, தூக்கத்துக்கு எட்டு, நமக்கே நமக்கு எட்டு. முதல் எட்டைப் பற்றித்தான் சங்கங்கள் போராடின, அது நியாயமும்கூட. மூன்றாவது எட்டு எங்கே போயிற்று என்று நாம் தேடவே இல்லை. பாதியை ஓ.டி. தின்றது. போக்குவரத்து கொஞ்சம், ரேஷன், தண்ணி, ஆஸ்பத்திரி கொஞ்சம். மிச்சத்தை நாமே போனில் தேய்த்துத் தீர்க்கிறோம். பட்டம் என்று ஒன்று வருமானால் அது அந்த மூன்றாவது எட்டிலிருந்துதான் வர வேண்டும்.

கணக்கைப் போட்டால் கொஞ்சம் பயமாகவே இருக்கும். தொலைநிலைப் படிப்பில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 3,600 மணி நேரம். வாரம் 12 மணி நேரம் படிப்பவனுக்கு அது கிட்டத்தட்ட 6 வருடம். இக்னோவில் பி.ஏ.வை முடிக்க அதிகபட்சமாக 6 வருடம்தான் தருகிறார்கள் என்பது இந்தக் கணக்கோடு பொருந்துவது எனக்கு வியப்பாக இருக்கிறது. கரஸில் படித்த யாரைக் கேட்டாலும் இவ்வளவு படித்ததாகச் சொல்ல மாட்டார்கள். தேர்வுக்கு முந்தைய பத்து நாள் உருப்போட்டுத் தேறிய தாள்கள் என்னிடமும் உண்டு. அந்தத் தாள்களில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் தலைப்பைக்கூடச் சொல்லத் தெரியாது.

இங்கே என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் கல்மண்டபம் அருகே ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறார். நாற்பதைத் தாண்டிய பிறகு பி.காம். சேர்ந்தார். வீடியோ பாடம் எல்லாம் போனிலேயே வருகிறது, ஞாயிற்றுக்கிழமை காண்டாக்ட் கிளாஸ் கட்டாயமில்லை, வீட்டிலிருந்தே படிக்கலாமே என்று அண்ணன் பெருந்தன்மையாகச் சொன்னார். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "வூட்ல இருந்து படிச்சா வூட்டு வேலையதான் படிப்பேன்" என்றார். ஒரு ஞாயிறுகூட விடவில்லை. காலையில் சோறு ஆக்கி மூடிவைத்துவிட்டு, சார்ஜரையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். கட்டாயமில்லாத வகுப்பு அவருக்கு ஒரு சாக்கு. 'பத்து மணிக்கு கிளாஸ்' என்றால் வீட்டில் யாரும் மறுத்துப் பேச முடியாது. 'படிக்கணும்' என்றால் "அப்பறம் படி" என்பார்கள்.

வளைந்து கொடுக்கிற படிப்பு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கும் வளையாத ஏதோ ஒன்று அதற்குள் இருந்தால்தான் அது நிற்கும் என்பது அண்ணியிடம் நான் கற்றது. எல்லாமே வளைந்தால், வீட்டில் யாருடைய நேரத்துக்கு மதிப்பு இல்லையோ அவர் மேல்தான் அது வந்து சாயும். நான் இரண்டாம் முறை சேர்ந்தபோது முதலில் பார்த்தது அசைன்மென்டுக்குக் கெடு இருக்கிறதா, வருடத்துக்கு இரண்டு தேர்வுக்குத் தேதி உண்டா என்றுதான். தேதி இருந்தால் மேனேஜரிடம் லீவு கேட்கலாம். 'எப்போது வேண்டுமானாலும்' என்பதற்கு லீவு கிடையாது. பட்டத்தை முடிக்க ஐந்து வருடம் ஆயிற்று. நடுவில் அப்பா தவறியதில் ஒரு பருவம் முழுக்கப் போனது. அரியரை அடுத்த முறை எழுதிக்கொள்ள இடம் இருந்ததால் பிழைத்தேன். அந்த அளவு வளைவு போதும்.

சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பையும் தம்பிக்குச் சொன்னேன். ஜே.இ.இ. வேண்டாம். நான்கு வாரம் பாடம் நடத்தி அதிலேயே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். பாதியில் நிறுத்தினாலும் அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ என்று எட்டிய படிக்கு ஒரு காகிதம் உண்டு. ஆனால் வாரா வாரம் கெடு, தேர்வு நேரில் போய் எழுத வேண்டும். வாசல் பெரிது, படி செங்குத்து. கணக்கில் ஆசை இருந்தால் முயலலாம். "கணக்கா? எனக்கும் அதுக்கும் பத்தாவதோட முடிஞ்சிச்சு" என்று கும்பிட்டான்.

கடைசியில் நான் அவனுக்கு எந்தப் பட்டத்தின் பெயரையும் சொல்லவில்லை. மூன்று வார ஷிப்டை எழுதி, ஒவ்வொரு வாரத்திலும் உண்மையாகவே உன் கையில் இருக்கும் மணி நேரத்தைப் பக்கத்தில் போடு, போட்டதைத் தங்கச்சியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா என்றேன். தங்கச்சி என்றது அவன் மனைவியை. "அவ கையெழுத்து எதுக்குண்ணா?" என்றான். அதுதான் முதல் தேர்வு என்றேன்.

போன வாரம் நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு வந்தான். ஏ ஷிப்ட் வாரம் 22 என்று இருந்ததை அடித்து 18 ஆக்கியிருந்தது, அடித்தது அவள். பி ஷிப்ட் வாரம் 14. நைட் வாரத்துக்கு 4, அதுவும் ஞாயிறு மட்டும். கூட்டி மூன்றால் வகுத்தால் 12.

"ஆறு வருஷம் ஆவும் போலண்ணா" என்றான். யு.கே.ஜி. படிக்கும் சின்னவள் அப்போது ஆறாம் வகுப்பில் இருப்பாள். ஜனவரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கிறான், பி.காமா, வரலாறா என்று இன்னும் முடிவாகவில்லை.