குஞ்சு என்று அழைத்த பின்னர்

"என்ரை குஞ்சு, இஞ்சை வா" என்று தாய் தன் பிள்ளையை அழைப்பதை நம் வீடுகளில் கேட்டிருக்கிறோம். கோழியின் முட்டையோட்டை உடைத்து வெளிவரும் உயிருக்கும் அதே பெயர்தான். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்கள் ஒன்பதை எண்ணித் தருகிறது. பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டையும் வகுக்கிறது. நாம் பெற்றதும் பிள்ளை, பறவை பொரித்ததும் பிள்ளை! இது சொற்பஞ்சமா? ஒன்பது பெயர் கொண்ட மொழியில் பஞ்சம் ஏது?

அந்தக் குஞ்சுக்கு இன்று நேர்வது என்ன? முட்டைக் கோழிகளுக்காக இயந்திரத்தில் அடைவைக்கும் பெரிய நிலையங்களில் 21ஆம் நாள் குஞ்சுகள் வெளிவருகின்றன. பேடுகள் வளர்க்கப்படும். சேவற்குஞ்சோ முட்டையிடாது, அந்த இனத்தில் அது இறைச்சிக்கும் விரைவில் கொழுக்காது. ஆகவே பல நாடுகளில் அது பொரித்த அன்றே கொல்லப்படுகிறது. உலகெங்கும் ஆண்டுதோறும் இவ்வாறு மடிபவை பல நூறு கோடி. இலாபக் கணக்கில் அது குஞ்சு அல்ல, கழிவு. பெயரை மாற்றிவிட்டால் கை கூசுவதில்லை.

"மிருகத்துக்கு அழியாத ஆன்மா இல்லையே, சுவாமி! உண்பதற்குத்தானே கடவுள் தந்தார்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உணவுக்காக விலங்குகளைப் பயன்படுத்தலாம் என்றே திருச்சபையும் போதிக்கிறது. ஆனால் 1992இல் வெளிவந்த அதன் மறைக்கல்வி நூல், தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு மாறானது என்கிறது. கவனியுங்கள்: இழுக்கு கோழிக்கு அல்ல, மனிதனுக்கே!

அப்படியானால், இது தேவைதானா? ஜேர்மனி 2022 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் இவ்வழக்கத்தைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. பொரிக்குமுன் முட்டையிலேயே ஆண், பெண் அறிகிறார்கள், சேவல்களையும் வளர்த்தெடுக்கிறார்கள். செலவு கூடத்தான் செய்கிறது. ஆயினும் இயலாத காரியமல்ல. மலிவையே நாம் 'தேவை' என்று அழைத்துவிட்டோம். அதுவும் ஒரு பெயர்மாற்றந்தானே?

இந்தப் பழக்கம் கோழியோடு நின்றுவிடாது. படுக்கையில் கிடக்கும் முதியவரைப் 'பாரம்' என்று அழைக்கத் தொடங்கும் வீட்டில் அடுத்து நடப்பதை நாம் அறிவோம்.

எருசலேமின் மீது தாம் கொண்ட அன்பைச் சொல்ல, குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்க்கும் கோழியையே கிறிஸ்து நாதர் உவமையாக எடுத்தார். நம் முற்றத்திலும் குஞ்சைக் கையில் எடுக்கும் சிறுவனிடம், "மெல்லப் பிடி, அது குஞ்சல்லோ" என்கிறோம். சிறியது, எதிர்க்க இயலாதது, ஆகவே மெல்லப் பிடி. அந்த ஒரு சொல்லில் ஓர் ஒழுக்கநெறியே அடங்கியிருக்கிறது. பிள்ளைக்குச் சொல்லும் நாம் அதை மறந்துவிடலாமா?